வெள்ளோட்டத்தில் யாரை ஏற்றுவது?

புதுத் தேர் செய்தாலும் சரி, பழைய தேரை ரிப்பேர் பார்த்தாலும் சரி, உடனே சாமியைக் கொண்டுவந்து உட்கார வைத்து வடம் பிடித்துவிட மாட்டார்கள். முதலில் வெள்ளோட்டம். உற்சவர் கிடையாது. தொம்பை, தோரணம் என்று பெரிய அலங்காரமும் கிடையாது. வெறும் தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, மூலையில் திரும்புகிறதா, கரண்ட் கம்பி எங்கே இடிக்கிறது, எந்த வீட்டுக்காரர் திண்ணையை ஒரு அடி தெருவுக்குள் நீட்டியிருக்கிறார் என்று எல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், அலங்காரத்தோடு சுமார் 300 டன். அதையே 2015ல் புதுப்பித்தபோது வெள்ளோட்டம் விட்டுப் பார்த்துத்தான் திருவிழாவுக்கு எடுத்தார்கள். (அந்தத் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது திருச்சி பெல் தொழிற்சாலை. பாய்லர் செய்கிறவர்கள் தேருக்கும் பிரேக் போட்டார்கள் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.)

இன்றைக்கு ஸ்டார்ட்அப் ஆசாமிகள் ‘ப்ரோட்டோடைப்’ என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். பெரிசாகக் கட்டுவதற்கு முன்னால், சீக்கிரமாக, சல்லிசாக ஒரு மாதிரி செய்து, ஓடுகிறதா என்று பார். ஓடவில்லையா, தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போ.

தேர் வெள்ளோட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், சாமியை ஏற்றுவதில்லை என்பது. ஆனால் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறாரே ஒருத்தர், அவர் திருவிழாவிலும் அதே இடத்தில்தான், வெள்ளோட்டத்திலும் அதே இடத்தில்தான். கட்டை வழுக்கினால் கால் போவது அவருக்கு. சாமிக்குச் சோதனையில் விலக்கு உண்டு. மனுஷனுக்கு உண்டா?

இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டவன் திருவெள்ளறையில் பார்த்த ஒரு பையன்.

திருச்சியிலிருந்து துறையூர் போகிற சாலையில் இருபது கிலோமீட்டர் போனால் திருவெள்ளறை. வெள்ளறை என்றால் வெண்பாறை. பாறைமேல் புண்டரீகாக்ஷப் பெருமாள் கோயில். கோயிலுக்கு வெளியே பல்லவர் காலத்துக் கிணறு ஒன்று இருக்கிறது, ஸ்வஸ்திகா வடிவத்தில். நாலு பக்கமும் படிகள், ஒவ்வொன்றும் உள்ளே போய் ஒடிந்து திரும்பும். ஒரு பக்கத்தில் குளிப்பவர் இன்னொரு பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். அதனால் ஊரில் இதற்கு ‘மாமியார் மருமகள் குளம்’ என்று பெயர். கட்டினவன் வைத்த பெயர் வேறே. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அந்தப் பையன் இன்ஜினீயரிங் முடித்தவன். பக்கத்து மண்ணச்சநல்லூர்க்காரன். மண்ணச்சநல்லூர் என்றால் பொன்னி அரிசி என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய ஐடியா, மில்லிலிருந்து நேரே வீட்டுக்கு மாசாமாசம் அரிசி. நடுவில் கடை கிடையாது. செல்போனில் ஒரு தட்டு தட்டினால் போதும்.

‘‘நல்ல ஐடியாதான் தம்பி. ஆரம்பிச்சாச்சா?’’

‘‘இல்ல ஸார். முதல்ல டெஸ்ட் பண்ணணும். ஒரு வெப் பேஜ் போட்டு, ஐநூறு ரூபா அட்வான்ஸ் கட்டி புக் பண்ணுங்கன்னு சொல்லப் போறேன். இருநூறு பேர் கட்டினா மில்லுல பேசுவேன். கட்டலைன்னா பணத்தைத் திருப்பிக் குடுத்துடுவேன்.’’

‘‘அப்ப இன்னிக்கு உன்கிட்ட அரிசி இல்லை?’’

‘‘ஒரு மணி இல்ல ஸார்.’’ சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான்: ‘‘இது தப்பா?’’

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அவன் படித்த புத்தகங்கள் எல்லாம் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்கின்றன. அந்தப் புத்தகங்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’ என்று தனி அதிகாரமே உண்டு. யோசித்துவிட்டு இறங்கு என்பது அதன் சாரம். புதுசாகச் சொல்கிறவர்கள் இதைத் தலைகீழாகத் திருப்பி, யோசிப்பதற்காகவே இறங்கு என்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வள்ளுவருக்கு எதிர்க்கட்சி. ஆனால் ஒரு ஆழாக்கு அரிசி வடித்துப் பார்த்துவிட்டு மூட்டை வாங்குகிற பாட்டி வள்ளுவரை மீறினவள் இல்லை. சின்னதாகச் செய்து பார்ப்பதும் ஒருவகை யோசனைதான், கையால் யோசிப்பது.

பாம் பைலட் என்று ஒரு கையடக்கக் கம்ப்யூட்டர் 1996ல் வந்தது. ஞாபகம் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், சர்க்யூட் எதுவும் செய்வதற்கு முன்னால் சட்டைப் பையில் அடங்குகிற அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி எடுத்துக்கொண்டார். எங்கே போனாலும் அது பையில். யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்து, ஒரு குச்சியால் அதன்மேல் எழுதுவது போல பாவனை. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. ஆனால் இத்தனை நாளில் எத்தனை தரம் அதை எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம், பாக்கெட்டில் கனக்கிறதா என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இதில் ஏமாந்தவர் ஒருத்தரும் இல்லை.

1999ல் நிக் ஸ்வின்மர்ன் என்பவருக்கு இன்டர்நெட்டில் யாராவது செருப்பு வாங்குவார்களா என்று சந்தேகம். போட்டுப் பார்க்காமல் யார் வாங்குவார்கள்? கோடவுன் பிடித்து சரக்கு வாங்கி அடுக்கவில்லை அவர். பக்கத்து ஷூ கடைக்குப் போய், அனுமதி கேட்டு, ஷூக்களைப் போட்டோ எடுத்து வெப்சைட்டில் போட்டார். ஆர்டர் வந்தால் கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்கி பார்சல் அனுப்புவார். ஒவ்வொரு ஜோடிக்கும் கையைக் கடித்திருக்கும். ஜாப்போஸ் என்ற பெரிய கம்பெனி இப்படித்தான் ஆரம்பித்தது.

நம்ம பையன் இந்தக் கதையைத்தான் எனக்கு உதாரணம் காட்டினான். ‘‘அவர்கிட்டயும் சரக்கு இல்லையே ஸார்?’’

இல்லைதான். ஆனால் வித்தியாசம் இருக்கிறது. ஷூ கேட்டவருக்கு ஷூ போய்ச் சேர்ந்தது. நஷ்டம் சோதனை செய்தவர் பர்ஸில். பையன் திட்டத்தில் உறையூரில் ஒரு அம்மா ஐநூறு ரூபாய் கட்டுகிறாள். அரிசி வரப்போகிறது என்று வழக்கமான கடையில் இந்த மாசம் சொல்லி வைக்கவில்லை. இருபத்தெட்டாம் தேதி டப்பாவில் கடைசிப் படி. அப்போது ‘உங்கள் பணம் திருப்பி அனுப்பப்படுகிறது, ஆதரவுக்கு நன்றி’ என்று ஒரு எஸ்.எம்.எஸ். பணம் பத்திரமாக வந்துவிட்டது, வாஸ்தவம். அந்த அம்மா பையனுடைய வெள்ளோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிற ஆளாக நின்றாளே, அது அவளுக்குத் தெரியுமா? தேர் இழுக்கிற ஆளுக்காவது இது வெள்ளோட்டம் என்று தெரியும்.

இதைச் சொன்னதும் பையன் நியாயமான ஒரு ஆட்சேபணை சொன்னான்.

‘‘டெஸ்ட்டுன்னு சொல்லிட்டா டெஸ்ட்டே கெட்டுப் போயிடும் ஸார். எல்லாரும் நல்லாருக்கு, நல்லாருக்கும்பாங்க.’’

நூற்றுக்கு நூறு உண்மை. நம் ஊரில் யாரிடமாவது போய் உங்கள் ஐடியாவைச் சொல்லிப் பாருங்கள். ‘‘பிரமாதம், ஆரம்பிங்க’’ என்று காபி கொடுத்து அனுப்புவார்கள். சரக்கோடு போய் நின்றால், ‘‘இப்ப வேண்டாமே, அடுத்த மாசம் பார்க்கலாம்.’’ இது பொய் இல்லை, மரியாதை. மரியாதையை நம்பிக் கடை போட்டுக் கடனாளி ஆனவர்கள் கணக்கில்லை. அப்படியென்றால் உண்மை வேண்டுமானால் ஏமாற்றித்தான் ஆக வேண்டுமா?

இங்கே கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர் கதை சினிமாவாகவே வந்துவிட்டதால் தெரிந்த கதை என்று தாண்டிவிடுகிறோம்.

1998ல் கல்யாணம். மனைவி மாதவிலக்குக்குப் பழைய துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்க்கிறார். நாப்கின் வாங்கினால் வீட்டுப் பால் செலவில் துண்டு விழும் என்கிறார் மனைவி. வெல்டிங் பட்டறைக்காரர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். பஞ்சு வாங்கித் தானே ஒன்று செய்து மனைவியிடம் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று உடனே கேட்டார். மாசத்துக்கு ஒரு தரம்தான் பதில் கிடைக்கும் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது! சகோதரிகளிடம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். மெடிக்கல் காலேஜ் மாணவிகளிடம் நாப்கினையும் ஒரு கேள்வித்தாளையும் கொடுத்தார். வாங்கப் போன அன்றைக்குப் பார்த்தால் இரண்டு மூன்று பெண்கள் உட்கார்ந்து மொத்தக் கேள்வித்தாளையும் அவர்களே நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நம்ம பையன் சொன்ன அதே ‘நல்லாருக்கு’ வியாதி.

இந்த இடத்தில் அவர் யாரையும் ஏமாற்றப் போகவில்லை. கால்பந்தின் உள் ப்ளாடரில் ஓட்டை போட்டு, ஆட்டு ரத்தம் நிரப்பி, தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, தான் செய்த நாப்கினைத் தானே அணிந்துகொண்டார். நடந்தார், சைக்கிள் ஓட்டினார். கறை பட்ட துணியைப் பொதுக் கிணற்றில் துவைத்தார். ஊர் என்ன பேசும் என்று கேட்க வேண்டுமா? பால்வினை நோய் என்றார்கள், பைத்தியம் என்றார்கள், பேய் என்றார்கள்.

அப்புறம்தான் மாணவிகளிடமிருந்து உபயோகித்த நாப்கின்களைச் சேகரித்து ஆராய்ந்தார். கேள்வித்தாள் பொய் சொல்லும், உபயோகித்த நாப்கின் பொய் சொல்லாது. பஞ்சு இல்லை, மர நாரிலிருந்து எடுக்கிற செல்லுலோஸ்தான் உள்ளே இருக்கும் பொருள் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கோடிக்கணக்கில் விலை சொன்ன மெஷினுக்குப் பதில், பெண்கள் குழுக்கள் வாங்கக்கூடிய விலையில், ஆயிரங்களில் முடிகிற சின்ன மெஷின்களைச் செய்தார். 2006ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பரிசு. 2016ல் பத்மஸ்ரீ.

இதில் எனக்கு உறுத்துகிற ஒன்று உண்டு. தன் உடம்பை ஏற்றினார், சரி. அவர் மனைவி? ‘உன் புருஷன் காலேஜ் பெண்கள் பின்னால் அலைகிறான்’ என்ற பேச்சைக் கேட்டது அவர்தானே. அவர் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு அம்மாவும் வீட்டை விட்டுப் போனார். மனைவி திரும்ப வர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நம் ஊரில் உடம்பு ஒருத்தருடையதாக இருக்கலாம், மானம் குடும்பத்துக்குப் பொது. ‘என் காசு, என் ரிஸ்க்’ என்று சொல்லி வேலையை ராஜினாமா செய்கிற வாலிபர்கள், வீட்டு நகை அடகுக்கடையில் இருக்கிறதா என்று ஒரு தரம் பீரோவைத் திறந்து பார்க்கலாம். முருகானந்தம் மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் மனைவி பெயருக்கு எதிரேயும் ஒரு பெரிய தொகை எழுத வேண்டும் என்கிறேன்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் அமெரிக்காவின் தெரனோஸ். எலிசபெத் ஹோம்ஸ் 2003ல், பத்தொன்பது வயதில் ஆரம்பித்த கம்பெனி. விரல் நுனியில் நாலு சொட்டு ரத்தம், அதில் எல்லா டெஸ்ட்டும் என்றார்கள். 2013ல் வால்கிரீன்ஸ் மருந்துக் கடைகளில் ஜனங்களிடம் ரத்தம் எடுக்க ஆரம்பித்தும் விட்டார்கள். மெஷின் அப்போது அரைகுறை. ஒரு சில டெஸ்ட் மட்டும் அதில் ஓடியது. மிச்சத்தை மற்ற கம்பெனி மெஷின்களில் ஓட்டினார்கள். 2015ல் குட்டு உடைந்தது. மரக்கட்டையை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் என்று நடித்தாரே ஒருத்தர், அதே வித்தைதான். ஆனால் இங்கே மறுமுனையில் ஒரு நோயாளி, கையில் ரிப்போர்ட்டோடு, மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 2022 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பணம் போட்டவர்களை ஏமாற்றியதாக நாலு குற்றச்சாட்டில் குற்றவாளி. நோயாளிகளை ஏமாற்றியதாகச் சொன்ன நாலிலும் விடுதலை. பணம் கொடுத்தவர்களுக்கு நீதி கிடைத்தது, ரத்தம் கொடுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. சட்டத்துக்கு அதன் காரணங்கள் இருக்கும். எனக்குச் செரிக்கவில்லை.

திருவெள்ளறைக்குத் திரும்பலாம். பெருமாள் கோயிலுக்குள் நுழைகிற ராஜகோபுரம் முடிக்கப்படாமல் மொட்டையாக நிற்கிறது. உள்ளே பாறையில் குடைய ஆரம்பித்துப் பாதியில் விட்ட குகை ஒன்றும் உண்டு. ‘‘பார்த்தீங்களா ஸார், அந்தக் காலத்து ஃபெயிலியர்’’ என்றான் பையன். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரமும் பல நூற்றாண்டு மொட்டையாக நின்றதுதான். 1987ல்தான் 236 அடிக்கு எழும்பி முடிந்தது. பாதியில் நிற்கிற கோபுரத்தைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் கீழே மழைக்கு ஒதுங்கலாம். ஒருத்தர் காலையும் அது வாரவில்லை.

காலை வாருகிற பாதி வேலை வேறே உண்டு. திருச்சி மாவட்டத்தில் விவசாயிக்கு வெள்ளோட்டம் என்றால் போர்வெல். கோலை வைத்தோ தேங்காயை வைத்தோ நீரோட்டம் பார்த்து, கடன் வாங்கி, வண்டியைக் கூப்பிட்டு ஓட்டை போடுகிறார். நூறு அடி, முந்நூறு அடி, அறுநூறு அடி. புழுதிதான் வருகிறது. வண்டிக்காரன் அடிக்கணக்குப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறான். ‘சீக்கிரம் தோற்றுவிடு, அடுத்ததற்குப் போ’ என்று புத்தகங்கள் சொல்வதை ஒரு எழுத்து பிசகாமல் கடைப்பிடிக்கிறான். ஓட்டை அங்கேயே இருக்கிறது.

2019 அக்டோபர் 25ஆம் தேதி, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் அப்படிக் கைவிட்ட ஒரு ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நாலு நாள் தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. தீபாவளி நடுவில் வந்து போயிற்று. 29ஆம் தேதி விடிவதற்குள் உடலைத்தான் எடுத்தார்கள். அந்தக் குடும்பத்தின் மேல் பழி சொல்ல நான் யார்? தண்ணீர் தேடினவர்கள். ஆனால் இப்படிக் கைவிட்ட ஓட்டைகளைப் பற்றி 2010லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் அடியிலிருந்து மேல்மட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு மூடு. அதற்கு முன்பே, துளை போடும்போது வேலி கட்டு. போர்டு வை. அதில் துளை போடுகிறவர் யார், உடைமைக்காரர் யார் என்று விலாசத்தோடு எழுது. ஓட்டைக்கு ஒரு பெயர் வேண்டும் என்கிறது கோர்ட்.

இனி அந்தக் கிணற்றின் உண்மைப் பெயர். மார்ப்பிடுகு பெருங்கிணறு. சுவரில் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலம், இன்றைக்கு 1,200 வருஷத்துக்கு முந்தையது. ஆலம்பாக்கத்து விசய நல்லுழானின் தம்பி கம்பன் அரையன் கட்டியது. மன்னனின் நாலாம் ஆட்சியாண்டில் ஆரம்பித்து ஐந்தாம் ஆண்டில் முடித்திருக்கிறான். பிளான் போட்டு பில்டர் கையில் வீடு கொடுத்தவர்கள் பெருமூச்சு விடலாம். யார் கட்டினது, எப்போது தொடங்கினது, எப்போது முடிந்தது என்பதோடு கல்வெட்டு நிற்கவில்லை. இதைக் காப்பது ஊரின் 3,700 பேர் பொறுப்பு என்றும் வெட்டி வைத்திருக்கிறான். கிணறு தூர்ந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்று அன்றைக்கே விலாசம் கொடுத்துவிட்டான்.

படியில் நின்று இதைச் சொன்னபோது பையன் செல்போனை உள்ளே வைத்துவிட்டுக் கல்வெட்டுப் பக்கம் போய் எழுத்தைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் புரிந்திருக்காது, பழைய எழுத்து.

ஒரு மாசம் கழித்து போன் செய்தான். அட்வான்ஸ் ஐடியாவை விட்டுவிட்டானாம். கையிலிருந்த பணத்தில் மில்லிலிருந்து பத்து சிப்பம் வாங்கி, அப்பாவின் டி.வி.எஸ். பிஃப்டியில் வைத்து, உறையூரிலும் தில்லைநகரிலும் பத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான், கடை விலைக்கே. கூடவே ஒரு நோட்டீஸ். அதில் இருந்ததை எனக்குப் படித்துக் காட்டினான். இது முதல் மூன்று மாதச் சோதனை. நான்காவது மாதம் இருக்குமா என்பது தெரியாது. நிறுத்துவதாக இருந்தால் பதினைந்து நாள் முன்னால் நேரில் வந்து சொல்வேன், அதனால் உங்கள் வழக்கமான கடையை விட்டுவிட வேண்டாம். கீழே அவன் பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர்.

‘‘கடையை விட்டுடாதீங்கன்னு நானே எழுதறது பிசினஸுக்கு நல்லதா ஸார்?’’

‘‘எத்தனை பேர் ரெண்டாவது மாசம் கேட்டாங்க?’’

‘‘நாலு. அதுல ஒருத்தங்க எங்க அத்தை.’’

‘‘அத்தையைக் கழிச்சுடு.’’

‘‘கழிச்சா மூணு ஸார்’’ என்றான். வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது. தில்லைநகரில் ஒரு வீட்டுக்காரர், வடித்த சாதம் குழைகிறது, வந்து பார் என்று கூப்பிட்டிருந்தாராம்.